எங்கிருந்து எங்கே?

நுழையும்முன்

வழி கேட்பவர் தாம் சேரவேண்டிய இடத்தைச் சொல்கிறார். நிற்கும் இடத்தைச் சொல்ல மறந்துவிடுகிறார். நிற்கும் இடம் தெரியாதபோது, சரியாகச் சொல்லப்பட்ட வழியும் தவறான இடத்தில் கொண்டு சேர்க்கும். கடலுக்கடியில் முத்துப்பாரைத் தேடிய பரதவரும் இதை அறிந்திருந்தனர். கணினியில் ஒரு நிரல் இன்னொரு நிரலை அழைக்கும்போதும் இதே சிக்கல் எழுகிறது. மொழி, கடல், கணினி ஆகிய மூன்றிலும் 'தொடக்கப் புள்ளி' பெறும் இடத்தை விளக்குகிறது இப்பாடம்.

கடலில் ஓர் இடம்

தூத்துக்குடிக் கரையிலிருந்து ஏறத்தாழ 12 முதல் 20 கி.மீ. தொலைவில், 12 முதல் 25 மீட்டர் ஆழத்தில், முத்துச்சிப்பிகள் ஒட்டி வாழும் பாறைத் தளங்கள் உள்ளன. கடலோர மக்கள் இவற்றைப் 'பார்' என அழைப்பர். ஒவ்வொரு பாருக்கும் தனிப்பெயர் உண்டு. தொள்ளாயிரம் பார் அவற்றுள் பெரிதும் பேசப்படுவது. பாரின் எல்லையை விட்டுச் சற்று விலகினாலும் அடியில் இருப்பது வெறும் மணலே.

நீரின் மேற்பரப்பில் பாரைக் காட்டும் அடையாளம் எதுவும் இல்லை. எனவே கடலோடிகள் கரையின் அடையாளங்களைத் துணைக்கொண்டனர். கரையில் உள்ள உயர்ந்த கோபுரம் ஒன்றும் அதற்குப் பின்னால் தெரியும் மற்றோர் அடையாளமும் ஒரே நேர்கோட்டில் வரும்வரை தோணியைச் செலுத்துவர். பிறகு வேறு திசையில் மற்றோர் இணையைத் தேர்ந்து, அவையும் நேர்கோட்டில் வருமாறு தோணியை நகர்த்துவர். இரு கோடுகளும் வெட்டிக்கொள்ளும் புள்ளியே தேடிய இடம். அங்கே ஈயக்குண்டு கட்டிய கயிற்றை இறக்கி, ஆழத்தைப் பாகக் கணக்கில் அளந்து, தாம் எண்ணிய இடம் அதுதானா என உறுதிசெய்வர்.

இம்முறையில் கடலுக்குள் இருக்கும் இடம் தன்னளவில் சொல்லப்படவில்லை. கரையைச் சார்ந்தே சொல்லப்படுகிறது. கோபுரம் எது என்பதில் குழப்பம் நேர்ந்தால் எல்லாமே தவறிவிடும். தூத்துக்குடியில் உள்ள கோபுரத்தை வைத்துச் சொல்லப்பட்ட குறிப்பை, வேறோர் ஊரின் கோபுரத்தை வைத்துப் பின்பற்றும் தோணியும் ஏதோ ஓர் இடத்தை அடையத்தான் செய்யும். ஆனால் அங்கே பார் இராது. ஒரு மூச்சில் ஒரு நிமிட அளவே நீருக்கடியில் தங்கக்கூடிய குளியாளுக்கு அத்தவறு ஒவ்வொரு மூழ்கலிலும் வீணான உழைப்பு, உயிருக்கும் இடர்.

அரசின் மேற்பார்வையில் 1955 முதல் 1961 வரை இக்கடலில் முத்துக்குளிப்பு நடைபெற்றது. அதன்பின் அது நடத்தப்படவில்லை. ஆயினும் கரை அடையாளங்களால் கடலிடத்தை அறியும் அறிவு மீனவரிடம் தொடர்ந்தது. கரை அடையாளம் மறைந்தால் என்ன ஆகும் என்ற கேள்வியும் அங்கே பொருளற்றதன்று. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளுள் தூத்துக்குடிப் பகுதியைச் சேர்ந்த விலாங்குசல்லி, கீழக்கரைப் பகுதியைச் சேர்ந்த பூவரசன்பட்டி ஆகிய இரண்டும் கடலில் மூழ்கிவிட்டன. அவற்றைத் தொடக்கமாகக் கொண்டு சொல்லப்படும் எந்த வழியும் இன்று பயன் தராது.

பொருநையும் துறையும்

தொடக்கப் புள்ளி மறையாமல் இடம் மாறினாலும் சிக்கல் எழும். 'பொருநை கடலொடு கலக்கும் இடத்தில் உள்ள துறை' என்னும் தொடரை எடுத்துக்கொள்ளலாம். சங்க காலத்தில் இத்தொடரைக் கேட்டவர் பாண்டியரின் முத்துத்துறையான கொற்கைக்குச் சென்றிருப்பார். ஆற்று வண்டல் படியப் படியக் கடல் விலகியது. கொற்கை உள்நாட்டு ஊராயிற்று. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ கண்டு எழுதிய துறை காயல். அதுவும் பின்னர்க் கரையிலிருந்து விலகிப் பழையகாயல் எனப் பெயர்பெற்றது. இன்று ஆற்றின் கழிமுகத்தில் இருப்பது புன்னைக்காயல்.

தொடரில் ஒரு சொல்லும் மாறவில்லை. இலக்கணப் பிழையும் இல்லை. ஆயினும் அது மூன்று காலங்களில் மூன்று ஊர்களைச் சுட்டியது. தொடர் எதைச் சார்ந்து சொல்லப்பட்டதோ, அந்தக் கழிமுகம் நகர்ந்ததே காரணம். 19ஆம் நூற்றாண்டில் கால்டுவெல் இப்பகுதியில் ஆய்வு மேற்கொண்டு கொற்கையும் காயலும் இருந்த இடங்களை விளக்கி எழுத வேண்டியிருந்ததும் இதனால்தான்.

சுட்டும் கூற்றும்

சார்ந்து பொருள் தரும் சொற்கள் தமிழர்க்குப் புதியன அல்ல. அ, இ, உ என்னும் சுட்டெழுத்துகள் அத்தகையன. 'இங்கே' என்ற சொல்லுக்கு நிலையான இடம் கிடையாது. தூத்துக்குடியில் நிற்பவர் சொன்னால் அது தூத்துக்குடி. திருச்செந்தூரில் நிற்பவர் சொன்னால் திருச்செந்தூர். இன்றும் இலங்கைத் தமிழில் வழங்கும் 'உங்கே' என்பதற்குப் பொருள் காணக் கேட்பவர் இருக்கும் இடமும் தெரிந்தாக வேண்டும்.

ஒருவர் பேச்சை மற்றொருவர் எடுத்துச் சொல்லும்போது சிக்கல் கூடுகிறது.

மாலதி, "நான் இங்கேயே இருப்பேன்" என்றாள்.

இது நேர்கூற்று. மேற்கோளுக்குள் உள்ள 'நான்' மாலதியைக் குறிக்கும். 'இங்கே' மாலதி நின்ற இடத்தைக் குறிக்கும். இதனைச் சொல்லும் மற்றவர் வேறோர் ஊரில் இருக்கலாம். அதனால் பொருள் மாறாது. அயற்கூற்றிலோ இத்தொடர், 'மாலதி தான் அங்கேயே இருக்கப்போவதாகக் கூறினாள்' என மாறுகிறது. சொல்பவர் மாறியதால் சுட்டும் மாறுகிறது. மேற்கோள் குறியையும் நீக்கிவிட்டு, சுட்டையும் மாற்றாமல் விட்டால், கேட்பவர் 'இங்கே' என்பதைச் சொல்பவரின் இடமாகக் கொண்டுவிடுவார்.

பிறர் கூற்றை எடுத்துரைப்பதில் உள்ள இந்த நுட்பமே, ஒரு நிரல் இன்னொரு நிரலை எடுத்தாளும் இடத்திலும் உள்ளது.

அடைவு மரம்

கணினியில் கோப்புகள் அடைவுகளுக்குள் வைக்கப்படுகின்றன. அடைவுக்குள் அடைவும் இருக்கலாம். தலைகீழாய் நிற்கும் மரம்போல் எல்லாக் கிளைகளும் ஒரு வேர் அடைவிலிருந்து பிரிகின்றன. கென் தாம்சன், டென்னிஸ் ரிச்சி முதலியோர் 1969இல் பெல் ஆய்வகத்தில் உருவாக்கத் தொடங்கிய யூனிக்ஸ் இயங்குதளத்தின் வழியே இம்முறை பரவலாயிற்று.

ஒரு கோப்பு இருக்கும் இடத்தைச் சொல்லும் தொடர் 'பாதை' எனப்படும். பாதை இருவகைப்படும். வேரிலிருந்து தொடங்கிச் சொல்வது முழுப்பாதை:

/முத்துக்கரை/தரவுகள்/ஆழம்

முதலில் நிற்கும் சாய்கோடு வேரைக் குறிக்கிறது. வேரிலிருந்து முத்துக்கரை என்னும் அடைவுக்குள்ளும், அதிலிருந்து தரவுகள் என்னும் அடைவுக்குள்ளும் சென்றால் ஆழம் என்னும் கோப்பு கிடைக்கும்.

இருக்கும் இடத்திலிருந்து தொடங்கிச் சொல்வது சார்புப்பாதை:

../தரவுகள்/ஆழம்

இரு புள்ளிகள், ஒரு படி மேலே உள்ள அடைவைக் குறிக்கும். ஒற்றைப் புள்ளி, இருக்கும் அடைவையே குறிக்கும். கணினி மொழியில் ஒற்றைப் புள்ளியே 'இங்கே' என்னும் சுட்டு.

சார்புப்பாதையின் நன்மை பெரிது. முத்துக்கரை அடைவை முழுமையாக வேறொரு கணினிக்கு எடுத்துச் சென்றாலும் அதன் உள்ளே உள்ள கோப்புகளின் உறவு மாறாது. எனவே சார்புப்பாதையும் கெடாது. ஆனால் அந்த 'இங்கே' எந்த இடம் என்பதில் ஐயம் இருத்தலாகாது.

தெரியுமா?

கணினியில் கோப்புகளின் பெயர்களைத் தமிழிலேயே வைக்கலாம். 1991இல் வெளியான ஒருங்குறியின் முதற்பதிப்பிலேயே தமிழ் எழுத்துகள் இடம்பெற்றன. இன்றைய இயங்குதளங்கள் ஒருங்குறியை ஏற்பதால், இப்பாடத்தில் காட்டப்பட்ட அடைவுப் பெயர்களை அவ்வாறே கணினியிலும் அமைக்கலாம்.

ஒரு நிரல் இன்னொன்றை அழைக்கும்போது

துறைமுகக் கால்வாயின் ஆழத்தைக் கணக்கிடும் நிரல் தொகுதி ஒன்றை எடுத்துக்காட்டாகக் கற்பனை செய்துகொள்ளலாம். வேருக்கு நேர்கீழே முத்துக்கரை என்னும் அடைவு இருக்கிறது. அதில் தொடக்கம் என்னும் நிரலும், நிரல்கள், தரவுகள் என்னும் இரு உள்ளடைவுகளும் உள்ளன. நிரல்கள் அடைவில் கணக்கு என்னும் நிரலும், தரவுகள் அடைவில் ஆழம் என்னும் அட்டவணையும் உள்ளன.

கணக்கு நிரலை எழுதியவர், அது ஆழம் அட்டவணையைப் படிப்பதற்காக '../தரவுகள்/ஆழம்' என்று பாதை கொடுத்தார். நிரல்கள் அடைவுக்குள் இருந்தபடியே இயக்கிப் பார்த்தார். அங்கிருந்து ஒரு படி மேலே முத்துக்கரை, அதற்குள் தரவுகள், அதற்குள் ஆழம். நிரல் பிழையின்றி இயங்கிற்று.

பின்னர் முத்துக்கரை அடைவில் இருந்தபடி தொடக்கம் நிரல் இயக்கப்பட்டது. அது கணக்கு நிரலை அழைத்தது. கணக்கு நிரலில் ஓர் எழுத்தும் மாறவில்லை. ஆனால் இப்போது ஒரு படி மேலே இருப்பது வேர் அடைவு. கணினி '/தரவுகள்/ஆழம்' என்னும் இடத்தில் தேடிற்று. கோப்பு அங்கே இல்லை, நிரல் நின்றுவிட்டது.

இதற்குக் காரணம், இயங்கும் ஒவ்வொரு நிரலுக்கும் 'நடப்பு அடைவு' ஒன்று உண்டு என்பதே. நிரல் எந்த இடத்தில் எழுதி வைக்கப்பட்டுள்ளது என்பது வேறு. எந்த இடத்தில் இருந்தபடி இயக்கப்படுகிறது என்பது வேறு. கோப்பைத் திறக்கும் கட்டளைகள் பொதுவாகச் சார்புப்பாதையை நடப்பு அடைவிலிருந்தே தொடங்குகின்றன. கணக்கு நிரல் 'இங்கே' எனக் கருதியது தான் இருக்கும் அடைவை. கணினி 'இங்கே' எனக் கொண்டது இயக்கியவர் நின்ற அடைவை.

நிரல் நின்றுவிடுவது சிறு துன்பமே. பிழை உடனே தெரிந்துவிடும். வேர் அடைவிலும் தரவுகள் என்ற பெயரில் பழைய அடைவு ஒன்று இருந்து, அதனுள் சென்ற ஆண்டின் ஆழ அட்டவணை கிடந்தால் என்ன ஆகும்? நிரல் நிற்காது. பிழைச்செய்தியும் வராது. வண்டல் படிவதற்கு முன்பு எடுத்த அளவை இன்றைய ஆழம் என்று காட்டும். அந்த எண்ணை நம்பிக் கப்பலைச் செலுத்தினால் அது தரைதட்டக்கூடும். வழி தவறிய தோணியைவிட, தவறான இடத்தைச் சரியான இடம் என நம்பி நங்கூரமிட்ட தோணியே பெரிய இடருக்கு உள்ளாகிறது.

மொழிதோறும் மரபு

இந்த ஐயத்தைக் கணினி மொழிகள் வெவ்வேறு வகையில் தீர்க்கின்றன. சி மொழியில் ஒரு நிரல், தலைப்புக் கோப்பை இரட்டை மேற்கோள் குறிக்குள் எழுதிச் சேர்க்கும்போது, பெரும்பாலான நிரல்பெயர்ப்பிகள் அச்சொற்கள் எழுதப்பட்ட கோப்பின் அடைவிலேயே முதலில் தேடுகின்றன. நேர்கூற்றைப்போல, எழுதப்பட்ட இடமே இங்குத் தொடக்கம்.

பைத்தான் மொழியில் இரு மரபுகள் உள்ளன. ஒரு நிரல் கோப்பு நேரடியாக இயக்கப்பட்டு இன்னொன்றை அழைக்கும்போது, முதலில் இயக்கப்பட்ட நிரல் இருக்கும் அடைவு தேடலில் முன்னிற்கிறது. தரவுக் கோப்பைத் திறக்கும்போதோ நடப்பு அடைவே தொடக்கமாகிறது. பிஎச்பி மொழியில் ஒற்றைப் புள்ளியாலோ இரு புள்ளிகளாலோ தொடங்கும் பாதையைக் கொண்டு மற்றொரு கோப்பைச் சேர்த்தால், நடப்பு அடைவிலிருந்தே தேடப்படும்.

வலைப்பக்கங்களில் இவ்வேறுபாடு இன்னும் வியப்பைத் தரும். பக்கத்தின் தோற்றத்தை வகுக்கும் சிஎஸ்எஸ் கோப்பில் ஒரு படத்துக்குச் சார்புப்பாதை எழுதினால், அது அந்த சிஎஸ்எஸ் கோப்பு இருக்கும் இடத்திலிருந்து கணக்கிடப்படும். அதே பக்கம் அழைக்கும் ஜாவாஸ்கிரிப்ட் நிரல் ஒரு தரவுக் கோப்பைச் சார்புப்பாதையால் கேட்டால், அது பொதுவாக அந்த வலைப்பக்கத்தின் முகவரியிலிருந்து கணக்கிடப்படும். ஒரே பக்கத்தால் அழைக்கப்பட்ட இரு கோப்புகளில் 'இங்கே' என்பதன் பொருள் இரண்டாகிறது. எனவே பழகிய ஒரு மொழியின் மரபைப் பிற மொழிக்கும் பொருத்திவிடுதல் கூடாது.

தீர்வை நோக்கி

இப்பிழையைக் கண்டவர் பலர் முதலில் நாடும் தீர்வு, பாதையில் உள்ள புள்ளிகளை நீக்கி 'தரவுகள்/ஆழம்' என மாற்றி எழுதுவது. முத்துக்கரை அடைவிலிருந்து இயக்கும்வரை அது பயன் தரும். நள்ளிரவில் தானாகவே இயங்கும்படி நிரலை அமைத்தால், யூனிக்ஸ் வகை இயங்குதளங்களில் அது பொதுவாகப் பயனரின் இல்ல அடைவிலிருந்து தொடங்கும். பிழை மீண்டும் தோன்றும். அப்போது அதைப் பார்க்க ஒருவரும் அருகில் இரார்.

அழைக்கப்பட்ட நிரலுக்குள்ளேயே நடப்பு அடைவை மாற்றிவிடுவது வேறொரு வழி. நடப்பு அடைவு இயங்கும் நிரல் முழுமைக்கும் பொதுவானது. கணக்கு நிரல் தன் வசதிக்காக அதை மாற்றினால், அதனை அழைத்த தொடக்கம் நிரலின் சார்புப்பாதைகள் பிழைபடும். இது தோணியில் ஏறிய ஒருவர், தண்டலிடம் சொல்லாமலே சுக்கானைத் திருப்புவதை ஒக்கும்.

உறுதியான தீர்வு, நிரல் தான் இருக்கும் இடத்தைத் தானே அறிந்து, அங்கிருந்து பாதையைக் கட்டுவது. பல மொழிகள் இதற்கு வசதி தருகின்றன. பைத்தானில் முன்னும் பின்னும் இரட்டை அடிக்கோடு இட்ட 'ஃபைல்' என்னும் பெயர், அது எழுதப்பட்ட கோப்பின் பாதையைத் தரும். பிஎச்பி மொழியில் 2009இல் வெளியான 5.3ஆம் பதிப்பு முதல், அவ்வாறே அடிக்கோடுகள் இட்ட 'டிஐஆர்' என்னும் பெயர் கோப்பு இருக்கும் அடைவைத் தருகிறது. கணக்கு நிரல் இத்தகைய பெயரால் தன் அடைவை முதலில் அறிகிறது. அதிலிருந்து ஒரு படி மேலே சென்று, தரவுகள் அடைவுக்குள் நுழைந்து, ஆழம் அட்டவணையைத் திறக்கிறது. யார் அழைத்தாலும், எந்த அடைவில் இருந்தபடி இயக்கினாலும், பாதை ஒன்றே. முத்துக்கரை அடைவை மொத்தமாக இடம் மாற்றினாலும் அது கெடுவதில்லை.

எல்லாப் பாதைகளையும் இவ்வாறே மாற்றிவிடலாமா என்றால், கூடாது. நிரலை இயக்குபவர் தாம் ஆராய விரும்பும் கோப்பின் பெயரைத் தாமே தட்டச்சு செய்து தருவதும் உண்டு. அப்போது அவர் கருதும் 'இங்கே', அவர் இருக்கும் அடைவு. அதனை நிரலின் அடைவிலிருந்து தேடினால் அவர் சொல்லாத ஒன்றைத் தேடியதாகும். எனவே விதி இதுதான்: பாதையைச் சொன்னவர் யாரோ, அவர் இருக்கும் இடமே அதன் தொடக்கம். நிரல் எழுதியவர் சொன்ன பாதை நிரலின் இடத்திலிருந்து தொடங்கட்டும்; பயனர் சொன்ன பாதை பயனரின் இடத்திலிருந்து தொடங்கட்டும்.

முழுப்பாதை போதாதா?

எப்போதும் முழுப்பாதையையே எழுதினால் இத்தொல்லை இல்லையே எனத் தோன்றலாம். தூத்துக்குடித் துறைமுகம் வடக்கு 8 பாகை 45 கலை, கிழக்கு 78 பாகை 13 கலை என்னும் இடத்தில் உள்ளது. இக்குறிப்புக்குக் கோபுரமும் வேண்டியதில்லை, கழிமுகமும் வேண்டியதில்லை. ஆனால் இதுவும் நிலநடுக்கோட்டையும் கிரீன்விச் கோட்டையும் தொடக்கமாகக் கொண்டதே. 1884இல் வாஷிங்டனில் கூடிய பன்னாட்டு மாநாடு கிரீன்விச்சைத் தொடக்கக் கோடாகப் பரிந்துரைத்தது. உலகம் அதனை ஏற்றுக்கொண்டதால்தான் இவ்வெண்கள் எல்லோர்க்கும் ஒரே இடத்தைக் காட்டுகின்றன.

கணினியின் முழுப்பாதையும் இத்தகையதே. அது அந்த ஒரு கணினியின் வேரைச் சார்ந்தது. ஒருவர் கணினியில் உள்ள '/முத்துக்கரை' மற்றொருவர் கணினியில் இருக்கவேண்டும் என்பதில்லை. நிரலைப் பிறர்க்கு வழங்கிய அன்றே அத்தகைய முழுப்பாதை பயனற்றதாகலாம்.

தெரியுமா?

செயற்கைக்கோள்வழி இடங்காட்டும் கருவிகள் இன்று கொள்ளும் சுழியப் பாகைக் கோடு, கிரீன்விச் வானாய்வுக்கூடத்தில் உலோகப் பட்டையால் குறிக்கப்பட்டுள்ள பழைய கோட்டுக்குச் சுமார் 100 மீட்டர் கிழக்கே செல்கிறது. எண்கள் ஒன்றாக இருந்தாலும், தொடக்கம் மாறினால் இடம் மாறும்.

ஆக, சார்பு என்பது குறையன்று. சார்ந்து நிற்கும் இடத்தைச் சொல்லாமல் விடுவதே குறை. ஓர் இடத்தைப் பிறர்க்குச் சொல்பவர், அது எங்கே இருக்கிறது என்பதோடு எங்கிருந்து அளக்கப்பட்டது என்பதையும் சொல்லக் கடமைப்பட்டவர். தெளிவாகப் பேசுதற்கும் பிழையின்றி நிரல் எழுதுதற்கும் இப்பழக்கம் இன்றியமையாதது.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் வீட்டுக்கு வரும் வழியை, பள்ளியைத் தொடக்கமாகக் கொண்டும் பேருந்து நிலையத்தைத் தொடக்கமாகக் கொண்டும் தனித்தனியே எழுதுக.

2. ஐந்து நேர்கூற்றுத் தொடர்களை அயற்கூற்றாக மாற்றுக. மாறிய சுட்டுச் சொற்களையும் காலம் காட்டும் சொற்களையும் பட்டியலிடுக.

3. பாடத்தில் வரும் முத்துக்கரை அடைவின் அமைப்பை வரைக. தரவுகள் அடைவில் இருந்தபடி கணக்கு நிரலை அடைவதற்கான சார்புப்பாதையை எழுதுக.

4. உங்கள் பகுதியில் கடலிலோ வயலிலோ காட்டிலோ பணிபுரியும் பெரியவர்கள் இடங்களை எந்த அடையாளங்களால் அறிகின்றனர் எனக் கேட்டறிந்து, வகுப்பறையில் கலந்துரையாடுக.